ருவாண்டாவின் காடுகளுக்கு முதல் பயணம்: உயரத்தையும் மழையையும் பார்த்துத் திட்டமிடுவது எப்படி?

ருவாண்டாவுக்கு முதன்முறையாகப் பெட்டி கட்டுகிறவர்களில் பலர், நிலநடுக்கோட்டை ஒட்டிய நாடுதானே என்று மெல்லிய பருத்திச் சட்டைகளை மட்டும் அடுக்கிக்கொண்டு போய், இரண்டாம் நாள் இரவே விடுதிப் பணியாளரிடம் இன்னொரு கம்பளி கேட்கிறார்கள். நாடு நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே ஒன்று முதல் மூன்று பாகைக்குள் அமைந்திருப்பது உண்மைதான். ஆனால் அங்கே குளிரையும் வெயிலையும் தீர்மானிப்பது கடல் மட்டத்திலிருந்து நாம் நிற்கும் உயரம். மொத்தப் பரப்பே 26,338 சதுர கிலோமீட்டர்தான். அந்தச் சிறிய நிலத்துக்குள் மிகத் தாழ்ந்த இடமான ருசிசி ஆற்றுப் பள்ளத்தாக்கு ஏறத்தாழ 950 மீட்டரிலும், மிக உயர்ந்த கரிசிம்பி சிகரம் 4,507 மீட்டரிலும் இருக்கின்றன. எந்த விலங்கு எங்கே வாழ்கிறது, எந்த மாதத்தில் எந்தச் சாலை சேறாகும், எந்தப் பூங்காவுக்குக் கையுறை வேண்டும், எதற்குக் கொசு மருந்து வேண்டும் என்பவற்றையெல்லாம் பெரும்பாலும் இந்த உயர வேறுபாடே முடிவு செய்கிறது. ஆகவே இக்கட்டுரையின் படிகளும் அந்த வரிசையிலேயே செல்கின்றன.

முதல் படி: வரைபடத்தை உயரத்தின் வழியாகப் படியுங்கள்

நாட்டை ஒரு சாய்ந்த பலகையாக எண்ணிக்கொள்ளலாம். கிழக்கு ஓரம் தாழ்வு, மேற்கே செல்லச் செல்ல உயர்வு. கிழக்கே தான்சானியா எல்லையை ஒட்டி அககேரா தேசியப் பூங்கா, சுமார் 1,300 மீட்டர் உயரத்தில் தொடங்கும் புல்வெளியும் ஏரிகளும் பாப்பிரஸ் கோரைச் சதுப்புகளுமாகக் கிடக்கிறது. நடுவே தலைநகர் கிகாலி, ஏறத்தாழ 1,500 மீட்டரில், குன்றுகளின் மேலும் சரிவிலுமாகப் பரவியிருக்கிறது. மேற்கே காங்கோ ஆற்றுக்கும் நைல் ஆற்றுக்கும் நீரைப் பிரித்தனுப்பும் மலைமுகடு வடக்குத் தெற்காக ஓடுகிறது. அதன் தென்பகுதியில் நியூங்வே மழைக்காடு இருக்கிறது. வடமேற்கு மூலையில், உகாண்டாவும் காங்கோ ஜனநாயகக் குடியரசும் ருவாண்டாவைத் தொடும் இடத்தில், விருங்கா எரிமலைத் தொடர் நிற்கிறது. அதன் எட்டு எரிமலைகளில் ஐந்து ருவாண்டாவின் எரிமலைகள் தேசியப் பூங்காவுக்குள்ளோ அதன் எல்லையிலோ அமைந்திருக்கின்றன: கரிசிம்பி, பிசோகே, சபின்யோ, கஹிங்கா, முஹபுரா.

ஒவ்வோர் ஆயிரம் மீட்டர் ஏற்றத்துக்கும் வெப்பம் ஆறு பாகை செல்சியஸுக்கும் சற்று அதிகமாகக் குறையும் என்ற பள்ளிப் பாடத்தை இங்கே நேரில் காணலாம். கிகாலியில் ஆண்டு முழுவதும் பகல் வெப்பம் 26 முதல் 28 பாகையை ஒட்டியும், இரவு 15 முதல் 17 பாகையை ஒட்டியும் இருக்கும். மாதத்துக்கு மாதம் பெரிய மாற்றம் இராது. அககேராவின் நண்பகல் அதைவிடச் சற்றுச் சூடானது. கொரில்லாக்களைக் காணப் புறப்படும் கினிகி கிராமமோ ஏறக்குறைய நம் உதகமண்டலத்தின் உயரத்தில் இருப்பதால், ஊட்டிக் குளிரைத் தெரிந்தவருக்கு அந்த இடத்தின் விடியற்காலை புதிதாகத் தோன்றாது. கரிசிம்பியின் உச்சி அவ்வப்போது ஆலங்கட்டியாலும் பனியாலும் வெளுத்திருக்கும். அந்தப் பெயரே வெண்சோழியைக் குறிக்கும் கிஞருவாண்டா மொழிச் சொல்லிலிருந்து வந்ததாகச் சொல்வார்கள்.

இரண்டாம் படி: மாதத்தைத் தேர்ந்தெடுங்கள்

ருவாண்டாவில் கோடையும் குளிர்காலமும் இல்லை. ஆண்டு முழுவதும் மழையும் மழை ஓய்வும் மாறி மாறி வருகின்றன. மார்ச் முதல் மே வரையிலான பெருமழைக் காலத்தை அவர்கள் இடும்பா என்கிறார்கள். ஜூன் முதல் செப்டம்பர் நடுப்பகுதி வரை நீளும் வறண்ட காலம் இம்பேஷி. அதன்பின் டிசம்பர் வரை விட்டுவிட்டுப் பெய்யும் சிறுமழைக் காலம் உமுஹிண்டோ. ஜனவரியிலும் பிப்ரவரியிலும் வரும் குறுகிய ஓய்வு உருகார்யி. மழையின் அளவும் உயரத்தைப் பின்தொடர்கிறது. கிழக்குச் சமவெளியில் ஆண்டு மழை ஆயிரம் மில்லிமீட்டரை எட்டாத இடங்கள் பல உண்டு. நியூங்வே மலைக்காட்டிலோ அது இரண்டாயிரத்தை ஒட்டிப் பெய்கிறது. வறண்ட காலம் என்று சொல்லப்படும் ஜூலையில்கூட அந்தக் காட்டில் ஒரு பிற்பகல் முழுக்க நனைய நேரிடலாம்.

பெரும்பாலான வழிகாட்டிகள் ஜூன் முதல் செப்டம்பர் வரை செல்லச் சொல்வார்கள். நடைபாதை வழுக்காது, அககேராவில் புல் காய்ந்து குட்டையாகி விலங்குகள் ஏரிக்கரையில் கூடும், மலேரியாக் கொசுக்களும் ஒப்பளவில் குறைவு என்ற காரணங்கள் அனைத்தும் சரியானவை. ஆனால் அந்த மாதங்களில் விடுதி வாடகை உச்சத்தில் இருக்கும், அனுமதிச் சீட்டுகள் பல மாதங்களுக்கு முன்பே தீர்ந்துபோகும், காற்றில் தூசி மிதப்பதால் எரிமலைகளின் முழு உருவமும் தெரியாத நாட்கள் பல. என் கணிப்பில், முதன்முறை செல்பவருக்குப் பிப்ரவரியின் முதல் பாதி அதிகம் பேசப்படாத நல்ல காலம். மழை ஓய்ந்திருக்கும், நிலம் பச்சையாக இருக்கும், கூட்டமும் குறைவு. பறவைகளுக்காகச் செல்பவருக்கு நவம்பர் முதல் மார்ச் வரை ஏற்றது. வடக்கிலிருந்து வலசை வரும் பறவைகள் அப்போது உள்ளூர்ப் பறவைகளோடு சேர்ந்திருக்கும்.

மழைக்காலத்தை முழுவதும் ஒதுக்க வேண்டியதில்லை. மூங்கில் குருத்து விடும் மழை மாதங்களில் கொரில்லாக் கூட்டங்கள் அதைத் தின்பதற்காகத் தாழ்வான மூங்கில் காட்டுக்கு இறங்கி வருவதுண்டு. அப்போது நடை குறையலாம். ஏப்ரல் மாதத்தை மட்டும் ஒரு காரணத்துக்காக யோசித்துத் தேர்ந்தெடுங்கள். 1994ஆம் ஆண்டு துட்சி இன அழிப்பின் நினைவு வாரம் ஏப்ரல் 7 அன்று தொடங்குகிறது. நாடே துக்கம் காக்கும் அந்நாட்களில் இசையும் கேளிக்கையும் நின்றிருக்கும். பூங்காக்கள் திறந்திருந்தாலும் சுற்றுலா மனநிலையோடு போய் இறங்கக்கூடிய வாரம் அன்று அது.

மூன்றாம் படி: முதலில் கொரில்லா அனுமதி, பிறகே விமானச் சீட்டு

இந்த வரிசையை மாற்றிச் செய்து சிக்கிக்கொள்பவர்கள் அதிகம். மலை கொரில்லாவைக் காணும் அனுமதிச் சீட்டு ஒரு குறிப்பிட்ட நாளுக்கே செல்லும். வேறு நாளுக்கு மாற்றுவது எளிதன்று. மனிதர்களுக்குப் பழக்கப்படுத்தப்பட்ட சுமார் ஒரு டஜன் கொரில்லாக் குடும்பங்களையே பயணிகள் பார்க்க முடியும். ஒரு குடும்பத்தை ஒரு நாளில் எட்டுப் பேர் கொண்ட ஒரே குழுதான் காணலாம், அதுவும் ஒரு மணி நேரம்தான். கணக்குப் போட்டால் உலகம் முழுவதிலிருந்தும் வருபவர்களில் நாளொன்றுக்கு நூறு பேரை ஒட்டியே இடம் கிடைக்கிறது. எனவே ருவாண்டா மேம்பாட்டு வாரியத்தின் இணைய முன்பதிவு வழியாகவோ, உரிமம் பெற்ற பயண முகவர் வழியாகவோ நாளை உறுதிசெய்த பிறகுதான் விமானச் சீட்டுக்குப் பணம் கட்ட வேண்டும்.

வெளிநாட்டவருக்கான கட்டணம் 1,500 அமெரிக்க டாலர். 2017 மே மாதத்தில் 750 டாலரிலிருந்து ஒரேயடியாக இரட்டிப்பாக்கினார்கள். தொகை பெரிது என்பதில் ஐயமில்லை. எல்லைக்கு அப்பால் உகாண்டாவில் இதே விலங்கை இதைவிடக் குறைந்த கட்டணத்தில் காணலாம் என்பதையும் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. ஆனால் கிகாலியிலிருந்து இரண்டரை மணி நேரத்துக்குள் நல்ல தார்ச்சாலையில் பூங்கா வாசலை அடைந்துவிடலாம் என்பதால், விடுமுறை நாட்கள் குறைவாக உள்ளவருக்கு அந்த வேறுபாட்டின் ஒரு பகுதி நேரமாகத் திரும்பக் கிடைக்கிறது. பூங்கா வருவாயில் பத்தில் ஒரு பங்கு சுற்றுவட்டாரக் கிராமங்களுக்குப் பள்ளியாகவும் மருத்துவமனையாகவும் குடிநீர்த் தொட்டியாகவும் சென்று சேர்கிறது. குறைந்தபட்ச வயது 15. குழந்தைகளோடு செல்லும் குடும்பங்கள் இதை முன்கூட்டியே கணக்கில் கொள்ளாவிட்டால், பெற்றோரில் ஒருவர் விடுதியிலேயே தங்க நேரிடும்.

இவ்வளவு கட்டுப்பாடு ஏன் என்பதற்கு வரலாறு பதில் சொல்கிறது. 1925இல் பெல்ஜிய ஆட்சியின்போது ஆல்பர்ட் தேசியப் பூங்கா என்ற பெயரில் பாதுகாக்கப்பட்ட நிலத்தின் ஒரு பகுதியே இன்றைய எரிமலைகள் பூங்கா. ஆப்பிரிக்காவின் முதல் தேசியப் பூங்காவாக அதைக் கருதுகிறார்கள். பின்னர் மக்கள் நெருக்கடி மிகுந்தபோது காடு துண்டு துண்டாகப் பறிபோனது. 1960களின் இறுதியில் மட்டும், பூச்சிக்கொல்லி தயாரிக்கப் பயன்படும் பைரித்ரம் பூச்செடிக்காக ஏறத்தாழ 100 சதுர கிலோமீட்டர் அழிக்கப்பட்டது. இன்று எஞ்சியிருப்பது சுமார் 160 சதுர கிலோமீட்டர். கினிகி செல்லும் வழியில் உருளைக்கிழங்கு வயல்களுக்கிடையே வெள்ளைச் சாமந்தி போன்ற பூக்கள் தென்பட்டால், முன்னொரு காலத்தில் கொரில்லா நடந்த நிலம் அது என்று நினைத்துக்கொள்ளலாம்.

கரிசிம்பிக்கும் பிசோகேவுக்கும் இடையே, இரு பெயர்களையும் சேர்த்துக் கரிசோகே என்று பெயரிட்ட ஆய்வு முகாமை அமெரிக்கக் கொரில்லா ஆய்வாளர் டயான் ஃபாஸ்ஸி 1967இல் தொடங்கினார். கண்ணி வைப்பவர்களோடு அவர் நடத்திய போராட்டமும், 1985 டிசம்பரில் அதே முகாமில் அவர் கொலையுண்டதும் உலகறிந்த செய்திகள். வேட்டைக்காரர்களால் 1977இன் கடைசி நாளில் கொல்லப்பட்ட டிஜிட் என்ற கொரில்லாவின் அருகிலேயே அவரும் புதைக்கப்பட்டார். 1980களின் தொடக்கத்தில் விருங்காத் தொடரில் இருநூற்றைம்பது அளவுக்குச் சரிந்திருந்த எண்ணிக்கை, 2015–16 கணக்கெடுப்பில் 604 ஆக உயர்ந்தது. உகாண்டாவின் பிவிண்டிக் காட்டையும் சேர்த்தால் உலகின் மொத்த மலை கொரில்லாக்கள் ஆயிரத்தைச் சற்றே தாண்டும். 2018இல் அவை மிக அருகிய இனம் என்ற நிலையிலிருந்து அருகிய இனம் என்ற நிலைக்கு ஒரு படி மேலே வந்தன. பிறந்த குட்டிகளுக்குப் பெயர் சூட்டும் குவிதா இசினா விழா 2005 முதல் ஆண்டுதோறும் நடக்கிறது. ருவாண்டாக் குடும்பங்கள் தம் குழந்தைகளுக்குச் செய்யும் பெயர்சூட்டு விழாவின் பெயரையே அதற்கும் வைத்திருக்கிறார்கள்.

நான்காம் படி: கொரில்லா நாளன்று நடந்துகொள்ள வேண்டிய முறை

முந்தைய இரவே முசான்சே நகரிலோ கினிகியிலோ தங்கிவிடுவது கட்டாயம் என்றே கொள்ளுங்கள். காலை ஏழு மணிக்குக் கினிகியில் உள்ள பூங்கா அலுவலகத்தில் கடவுச்சீட்டோடு நிற்க வேண்டும். தாமதமாக வந்தால் சீட்டு வீணாகலாம். அங்கே குழுக்களைப் பிரிக்கும்போது, நடக்கும் திறனை வைத்தே குடும்பத்தை ஒதுக்குகிறார்கள். முழங்கால் வலி உள்ளவரோ வயதானவரோ அதைக் கூச்சமின்றி அப்போதே சொல்லிவிட வேண்டும். சில குடும்பங்கள் வயல் எல்லையிலிருந்து அரை மணி நேர நடையில் இருக்கும். சிலவற்றை அடைய நான்கு மணி நேரம் ஏற நேரிடும். கொரில்லாக்கள் ஒவ்வோர் இரவும் புதிதாகக் கூடு முடைந்து உறங்குபவை. தடம் பார்ப்பவர்கள் விடியும் முன்பே புறப்பட்டு, முந்தைய இரவின் கூட்டிலிருந்து தடத்தைத் தொடர்ந்து சென்று, வானொலிக் கருவியில் வழிகாட்டிக்கு இடத்தைச் சொல்வார்கள்.

வயலும் காடும் சந்திக்கும் இடத்தில் காட்டெருமைகள் பயிருக்குள் இறங்காதிருக்கக் கட்டிய கருங்கல் சுவர் ஒன்று ஓடுகிறது. அதைத் தாண்டியதும் காடு தொடங்கிவிடும். காஞ்சொறிச் செடி இடுப்பளவு வளர்ந்து நிற்கும். நம் ஊர்க் காஞ்சொறியைவிடக் கடுமையாகச் சுரீரென்று பிடிப்பது. அதனால் முழுக்கைச் சட்டை, தடித்த காற்சட்டை, தோட்ட வேலைக்கு அணியும் கையுறை மூன்றும் வேண்டும். காற்சட்டையின் ஓரத்தைக் காலுறைக்குள் செருகிக்கொள்ளுங்கள். சுமை தூக்க ஒருவரை அமர்த்திக்கொள்வது ஆடம்பரமன்று. பையைச் சுமப்பதோடு சேற்றுச் சரிவில் கை கொடுத்து இழுத்துவிடுவதும் அவர்தான். காட்டைக் காப்பதில் அக்கிராமத்துக்குக் கிடைக்கும் நேரடி வருமானமும் அதுதான்.

கூட்டம் இருக்கும் இடத்தை நெருங்கியதும் பைகளையும் ஊன்றுகோல்களையும் ஓரிடத்தில் வைத்துவிட்டு முகக்கவசம் அணியச் சொல்வார்கள். மனிதரின் சளியும் இருமலும் கொரில்லாவுக்கு உயிர்க்கொல்லியாக மாறக்கூடியவை. சளி பிடித்தவரை வாசலிலேயே நிறுத்திவிடும் உரிமை அதிகாரிகளுக்கு உண்டு. பத்து மீட்டர் இடைவெளி விதி. குட்டிகளுக்கு அந்த விதி தெரியாது என்பதால் அவை அருகில் வந்தால் நாம்தான் மெல்லப் பின்வாங்க வேண்டும். வழிகாட்டி தொண்டையைக் கனைப்பதுபோல் ஓர் ஒலி எழுப்புவார். பகை இல்லை என்று சொல்லும் கொரில்லா மொழி அது. முதுகு வெளுத்த தலைமை ஆண் எழுந்து நின்று மார்பில் அறைந்தாலோ பாய்வதுபோல் முன்னே வந்தாலோ ஓடக் கூடாது. குனிந்து, பார்வையைத் தாழ்த்தி, வழிகாட்டி சொல்வதைச் செய்தால் போதும். ஒளிப்படக் கருவியின் மின்னொளியை முன்னரே அணைத்துவிடுங்கள். ஒரு மணி நேரத்தில் முதல் கால் மணி நேரமாவது கருவியைத் தொடாமல் பார்த்திருங்கள். இருண்ட இலைகளுக்கிடையே கரிய விலங்கைப் படமெடுக்கத் திணறியே நேரத்தைச் செலவழித்தவர்கள் பின்னர் வருந்துவதுண்டு.

ஒரு நாள் கூடுதலாக இருந்தால், அதே பூங்காவில் பொன்னிறக் குரங்குகளைக் காணச் செல்லலாம். மூங்கில் காட்டுக்குள் எளிய நடை, கட்டணமும் கொரில்லாவுக்கு ஆவதில் ஒரு சிறு பங்குதான். நல்ல உடல்வலு உள்ளவருக்குப் பிசோகே உச்சியின் பள்ளத்தில் உள்ள ஏரிவரை ஒரு நாள் ஏற்றம் உண்டு. கரிசிம்பிக்கு இரண்டு நாள் வேண்டும். இதுவரை மூவாயிரம் மீட்டருக்கு மேல் ஏறிப் பழகாதவர் முதல் பயணத்தில் அதைத் தொடாதிருப்பது நல்லது.

ஐந்தாம் படி: அககேராவைப் பயணத்தின் தொடக்கத்தில் வையுங்கள்

பலர் கொரில்லாவை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். அதைவிட, தாழ்வான கிழக்கிலிருந்து தொடங்கி மேற்கே ஏறிச் செல்வது உடலுக்கும் இதம், காட்சியும் படிப்படியாக மாறும். கிகாலியிலிருந்து அககேராவின் தெற்கு வாசல் இரண்டரை மணி நேர ஓட்டம். 1934இல் உருவான இந்தப் பூங்கா ஆரம்பத்தில் 2,500 சதுர கிலோமீட்டருக்கும் அதிகமாக இருந்தது. 1994க்குப் பின் திரும்பி வந்த அகதிகளுக்கும் அவர்களுடைய மாடுகளுக்கும் நிலம் தேவைப்பட்டதால், 1997இல் பாதிக்கும் மேல் வெட்டிக் கொடுக்கப்பட்டு இன்று 1,100 சதுர கிலோமீட்டர் அளவில் நிற்கிறது. மாட்டைக் கொன்ற சிங்கங்களுக்கு மேய்ப்பவர்கள் நஞ்சு வைத்தார்கள். சில ஆண்டுகளில் சிங்கமே இல்லாமல் போயிற்று. கருப்புக் காண்டாமிருகம் கடைசியாகக் கண்ணில் பட்டது 2007இல்.

திருப்பம் 2010இல் வந்தது. ஆப்பிரிக்கன் பார்க்ஸ் என்ற அமைப்பு அரசோடு சேர்ந்து நிர்வாகத்தை ஏற்றது. 2013இல் மேற்கு எல்லை நெடுக 120 கிலோமீட்டர் மின்வேலி முடிந்தது. 2015இல் தென்னாப்பிரிக்காவிலிருந்து ஏழு சிங்கங்கள் வந்தன; அவை பெருகி ஐம்பதைத் தாண்டிவிட்டன. 2017இல் பதினெட்டுக் கருப்புக் காண்டாமிருகங்களும், 2021 நவம்பரில் முப்பது வெள்ளைக் காண்டாமிருகங்களும், 2025இல் மேலும் எழுபதும் கொண்டுவரப்பட்டன. இங்குள்ள யானைகளும் வந்தேறிகளின் வழித்தோன்றல்களே. நாட்டின் வேறிடத்தில் வாழிடம் இழந்த 26 யானைக் குட்டிகளை 1975இல் இங்கே கொண்டுவந்து விட்டார்கள். சுருங்கச் சொன்னால், வாகனத்திலிருந்து நாம் காணும் பெருவிலங்குகளில் பல மனிதக் கையால் திரும்ப நடப்பட்டவை.

தெற்கு வாசலில் நுழைந்து வடக்கு வாசலில் வெளியேறினால் ஏரிகளையும் மலைச்சரிவையும் வடக்கின் திறந்த புல்வெளியையும் ஒரே ஓட்டத்தில் பார்த்துவிடலாம். அதற்கு ஒரு முழுப் பகல் வேண்டும். நான்கு சக்கர இயக்கம் உள்ள வண்டி இருந்தால் நீங்களே ஓட்டலாம். ஆனால் அங்கே சாலையின் வலப்புறம் ஓட்டும் முறை என்பதை இடப்புறம் பழகியவர்கள் முதல் சந்திப்பிலேயே மறந்துவிடுவார்கள். வாசலில் ஒரு வழிகாட்டியை உடன் ஏற்றிக்கொள்வது நல்லது. நீளமான புல்லில் படுத்திருக்கும் சிங்கத்தைப் பழகாத கண் பத்து மீட்டரில்கூடத் தவறவிடும். இஹேமா ஏரியில் படகுப் பயணத்தைக் கட்டாயம் சேர்த்துக்கொள்ளுங்கள். நீர்யானைக் கூட்டங்களும் பெரிய முதலைகளும் அங்கே உறுதியாகத் தென்படும். பூங்காவின் பறவை இனங்கள் ஐந்நூறை நெருங்குகின்றன. காலணி போல் அகன்ற அலகுள்ள ஷூபில் நாரை பாப்பிரஸ் சதுப்புக்குள் வாழ்கிறது. அதைக் கண்டால் நல்வாய்ப்பு, காணாவிட்டால் ஏமாற்றம் கொள்ள வேண்டாம்.

இந்தப் பூங்காவில் தொல்லை தருவது கடித்துக் குருதி குடிக்கும் செட்சி ஈ. கருநீலமும் கருப்பும் அதை இழுக்கும் நிறங்கள் என்பதால் அந்நிறச் சட்டைகளை நகரத்துக்கு ஒதுக்கிவிட்டு, மண்நிறமோ வெளிர்பச்சையோ அணியுங்கள். உயரம் குறைந்த இடமாதலால் மலேரியா ஆபத்தும் இங்கேதான் அதிகம். தடுப்பு மாத்திரையைப் பற்றி ஊரிலேயே மருத்துவரிடம் கேட்டுத் தொடங்கிவிட வேண்டும்.

ஆறாம் படி: நியூங்வேக்கு நாள் இருந்தால் மட்டும்

ஏழு நாள் பயணத்தில் மூன்று பூங்காக்களையும் அடைக்க முயல்வது வீண். கிகாலியிலிருந்து நியூங்வே ஐந்து அல்லது ஆறு மணி நேரம். வளைவுகளே சாலை என்று சொல்லலாம். பத்து நாள் உள்ளவர், முசான்சேயிலிருந்து கிவு ஏரிக் கரையோரமாகத் தெற்கே இறங்கி, ஓர் இரவு ஏரிக்கரையில் தங்கி, அங்கிருந்து காட்டை அடையும் வழியைத் தேர்ந்தெடுக்கலாம். திரும்பும்போது கமெம்பே விமான நிலையத்திலிருந்து கிகாலிக்கு உள்நாட்டு விமானம் இருக்கிறது.

1,019 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள இந்த மலைக்காடு 2023 செப்டம்பரில் யுனெஸ்கோவின் உலக மரபுப் பட்டியலில் இடம்பெற்றது. நீலகிரிச் சோலைக்காட்டுக்குள் நடந்தவருக்குப் பாசி போர்த்திய மரங்களும் பெரணிகளும் பழகிய காட்சிதான். ஆனால் பரப்பு மலைக்க வைக்கும். ஒரு முகட்டின் இப்புறம் விழும் மழை நைல் வழியாக மத்தியதரைக் கடலையும், அப்புறம் விழுவது காங்கோ வழியாக அட்லாண்டிக் பெருங்கடலையும் சேர்கிறது. குரங்கினங்கள் மட்டும் பதின்மூன்று. சிம்பன்சிகளைத் தேடிச் செல்ல அதிகாலை நான்கரை, ஐந்து மணிக்கே புறப்பட வேண்டும். கொரில்லாவைப் போல் அவை உட்கார்ந்து காட்சி தரமாட்டா. மரத்துக்கு மரம் தாவி நம்மை ஓட வைக்கும், சில நாட்களில் குரல் மட்டுமே கேட்கும். அங்கோலக் கொலோபஸ் குரங்குகள் நூற்றுக்கணக்கில் ஒரே கூட்டமாகத் திரிவது இங்கே குறிப்பிடத்தக்கது. உவின்கா என்னுமிடத்தில் 2010இல் அமைத்த தொங்குபாலம் 160 மீட்டர் நீளத்துக்கு மரவுச்சிகளின் மேல் செல்கிறது. உயரத்துக்கு அஞ்சுபவர் அதன் நடுவில் போய் யோசிப்பதைவிட முன்னரே யோசித்துக்கொள்வது நல்லது. இக்காட்டின் கடைசி யானை 1999இல் கொல்லப்பட்டது. அககேராவில் நடந்ததுபோன்ற மறுகுடியேற்றம் யானைக்கு இங்கே இன்னும் வாய்க்கவில்லை.

நான்காவதான கிஷ்வாதி–முகுரா பூங்காவைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். மேய்ச்சலுக்கும் வேளாண்மைக்கும் ஏறக்குறைய முழுவதும் அழிந்து, மறுபடி நட்டு வளர்க்கப்படும் சிறு காடு அது. 2020 டிசம்பரில்தான் பயணிகளுக்குத் திறந்தது. காடு மீள்வதைப் பார்க்கும் ஆர்வம் உள்ளவருக்கு அரை நாள்.

ஏழாம் படி: கடவுச்சீட்டு, தடுப்பூசி, பணம், பெட்டி

காமன்வெல்த் நாடுகளின் குடிமக்களுக்கு விசாக் கட்டணம் இன்றி 30 நாள் தங்கும் அனுமதியை ருவாண்டா வந்திறங்கும்போது தருகிறது. இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் ஆகியவற்றின் கடவுச்சீட்டு வைத்திருப்போர் இதன் பயனைப் பெறலாம். விதிகள் மாறக்கூடும் என்பதால் புறப்படும் முன் குடிவரவுத் துறையின் தளத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைப் பலர் கடைசி வாரத்தில்தான் நினைக்கிறார்கள். சான்றிதழ் செல்லுபடியாக ஊசி போட்ட நாளிலிருந்து பத்து நாள் ஆக வேண்டும். எத்தியோப்பியா, கென்யா, உகாண்டா வழியாக வந்து செல்பவர்கள் இந்தியா திரும்பும்போது அந்த மஞ்சள் அட்டை இல்லாவிட்டால் தனிமைப்படுத்தப்படும் வாய்ப்பும் உண்டு. சென்னையில் கிண்டி கிங் நிலையத்தில் இந்த ஊசி போடுகிறார்கள்.

டாலர் தாள்களில் பழையனவற்றையும் கிழிந்தனவற்றையும் அங்கே வாங்கமாட்டார்கள். புதிய தாள்களாகக் கொண்டு செல்லுங்கள். பாலித்தீன் பைகளுக்கு 2008 முதல் தடை. விமான நிலையத்திலேயே பெட்டியிலிருந்து எடுத்துவிடுவார்கள். ஊறுகாயும் பொடியும் பொட்டலம் கட்டும் நம் பழக்கத்துக்கு இது நேரான எதிரி. எவர்சில்வர் டப்பாவும் துணிப்பையும் போதும். மரக்கறி உண்பவர்கள் பட்டினி கிடக்க நேராது. அவரைக் கறி, வாழைக்காய், சோறு எங்கும் கிடைக்கும். மரவள்ளிக் கீரையில் செய்யும் இசோம்பே சுவையானது, ஆனால் சிலவேளை இறைச்சி கலப்பார்கள், கேட்டுவிட்டு வாங்குங்கள். கிகாலியில் இந்திய உணவகங்கள் உண்டு. பூங்கா நாட்களுக்கு முந்தைய இரவே விடுதியில் கட்டுச்சோறு சொல்லி வையுங்கள்.

உடைகளில் அடுக்கடுக்காக அணியக்கூடியவையே பயன்படும்: மெல்லிய சட்டை, அதன்மேல் கம்பளிச் சட்டை, அதன்மேல் நல்ல மழைச்சட்டை. கணுக்காலைப் பிடித்து நிறுத்தும் காலணியை ஊரிலேயே இரண்டு வாரம் போட்டுப் பழகிக்கொள்ளுங்கள். நெகிழிக் குடை காட்டுக்குள் உதவாது.

எட்டாம் படி: சாலையிலும் ஊரிலும்

வழிநெடுகச் சாலையோரம் மக்கள் நடந்துகொண்டே இருப்பார்கள். வேகக் கட்டுப்பாட்டுக் கருவிகளும் நிறைய. வரைபடச் செயலி சொல்லும் நேரத்தோடு ஒரு மணி நேரம் சேர்த்துக்கொள்ளுங்கள். முராஹோ என்ற வணக்கமும் முராகோசே என்ற நன்றியும் தெரிந்தால் சிரிப்போடு பதில் வரும். யாரிடமும் இனம் எது என்று கேட்கக் கூடாது. அக்கேள்வி அந்நாட்டில் எத்தனை உயிர்களை வாங்கியது என்பதை, கிகாலியில் கிசோசிக் குன்றிலுள்ள நினைவகத்துக்கு முதல் நாளே சென்று வந்தால் தெரிந்துகொள்ளலாம்.

இறுதியாக, நாட்காட்டியில் ஒவ்வொரு மாதத்தின் கடைசிச் சனிக்கிழமையையும் குறித்துக்கொள்ளுங்கள். அன்று காலை எட்டு முதல் பதினொரு மணி வரை உமுகாண்டா எனும் சமூக உழைப்பு நடக்கும். கடைகள் மூடியிருக்கும், சாலைகளில் வண்டிகள் ஓடா, ஊரே மண்வெட்டியோடு தெருவையும் வாய்க்காலையும் சரிசெய்யும். அந்த நாளில் பூங்காவிலிருந்து கிகாலிக்கு வரவேண்டியிருந்தால் எட்டு மணிக்கு முன்பே நகரத்துக்குள் வந்து சேருங்கள், அல்லது பதினொன்று அடித்த பிறகு விடுதியிலிருந்து புறப்படுங்கள். விமானம் அந்த நேரத்துக்குள் என்றால் சீட்டையும் கடவுச்சீட்டையும் கைக்கெட்டும் இடத்தில் வைத்துக்கொண்டு, ஓட்டுநரிடம் முந்தைய மாலையே நேரத்தை உறுதிசெய்துகொள்ளுங்கள்.